திரையில் நான் பார்த்தது

பெர்னி,

காற்று எழும்புவதற்குள் நண்டுக் கூண்டுகளைத் தூக்கிவிட்டு மத்தியானம் வந்துவிடுவேன். காட் மீனும் உருளைக்கிழங்கும் அவித்து மூடி வைத்திருக்கிறேன். பிடிக்காவிட்டாலும் தின்னு.

நேற்று ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, வயிற்றுப் பிள்ளைக்கு இதயத்தில் இடப்பக்கம் வளரவே இல்லை, டொராண்டோ பெரிய ஆஸ்பத்திரியில் பெற்று உடனே அதன் நெஞ்சை அறுத்துச் சரிபண்ண வேண்டும் என்றாள். நீ என் கையைப் பிடித்து, "நீங்க பாத்துச் சொல்லுங்கப்பா" என்றாய். "எனக்கு ஒண்ணும் தெரியலம்மா, ஸ்கேன் பெட்டி கோளாறா இருக்கும்" என்றேன். அதையே பிடித்துக்கொண்டு ராத்திரி, "எங்கயும் போகமாட்டேன், தீவுலயே பெத்துக்கறேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டாய்.

டாக்டர்களை நம்பி எனக்குப் பழக்கமில்லை. ஆனால் படகில் மீன் காட்டும் பெட்டியை வாழ்நாளெல்லாம் பார்த்தவன் நான். அதுவும் சத்தத்தை அனுப்பி, திரும்பி வருவதைப் படமாக்குவதுதான். எது மீன், எது பாறை என்று எவனும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நேற்று ஸ்கேன் திரையிலும் தெரிந்தது. வலப்பக்கம் அடித்துக்கொண்டிருந்தது. இடப்பக்கம் அசைவே இல்லை. உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை.

டாக்டரம்மா சொன்னது நிஜம். துணிகளை எடுத்து வை, நானும் வருகிறேன். அங்கே போனாலும் பிழைக்குமா, தெரியாது. இங்கே பெற்றால் பிழைக்காது.

அப்பா

நாய்க்குத் தீனி போட்டாகிவிட்டது. பட்டினி மாதிரி வந்து நிற்கும், நம்பாதே.

பிள்ளை கொட்டாவி விட்டது. அதையும் பார்த்தேன்.