ஜன்னல் இல்லாத கட்டடம்

ஆள் வருமுன் ஏலக்காய் வாசம் வந்துசேரும் என் அன்பு மாமாவுக்கு,

உங்கள் கட்டடம் இடிபடவில்லை. இதை முதலில் சொல்லிவிட்டால் மீதியை நிம்மதியாகக் கேட்பீர்கள்.

வெளிச்சம் பட்டால் ஏலக்காயின் பச்சை வெளுத்துவிடும் என்று போடியில் எல்லா வியாபாரிகளும் கிடங்கை இருட்டாக வைத்தார்கள். நீங்கள் ஒருவர்தான் கணக்கர் அறை, மாடிப்படி, மாடி எதற்குமே ஜன்னல் வைக்கவில்லை. கேட்டதற்கு, "மாப்ளே, நாளைக்கு லோடு கூடுனா மாடியிலயும் அடுக்கணும்ல?" என்றீர்கள். லோடு கூடவில்லை. நீங்கள் கண்மூடியபின் வியாபாரமும் நின்றது.

பிறகு கட்டடத்தில் வாடகைக்கு ஜவுளிக்கடை வந்தது. சேலையின் நிறம் பார்க்கப் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். வந்தவர்கள் அப்படியே எதிர்க்கடைக்குப் போனார்கள். அடுத்து கல்யாண மண்டபம். சமையல்காரர் பாயசத்துக்கு ஏலக்காயே போடவில்லை. "சுவரே போட்டுரும்ணே" என்றார். அதன்பின் வந்த டுடோரியலில் பிள்ளைகள் தூங்கினார்கள். சுவரில் துவாரம் போட்டு விசிறி வைத்தேன். காற்று வந்தது, இன்னும் நன்றாகத் தூங்கினார்கள்.

கடைசியில், இடித்து இடத்தை விற்பது என்று முடிவானது. உங்கள் மகள் எதிர்த்துப் பேசவில்லை. அன்றிலிருந்து என்னோடு எதுவுமே பேசவில்லை. அத்தையோடு வாழ்ந்த உங்களுக்கு அது எப்படிப்பட்ட அமைதி என்று தெரியாதா?

இடம் வாங்கப் போடிமெட்டுப் பக்கத்து எஸ்டேட்காரர் ஒருவர் வந்தார். செல்போன் விளக்கை அடித்துச் சுவர்களைப் பார்த்தார்.

"அண்ணே, ஒரு ஜன்னல்கூடவா இல்ல?"

"மாடியிலயும் இல்ல" என்றேன், குற்றவாளிக் கூண்டில் நிற்பவன்போல.

"கட்டுன மனுசனைக் கையெடுத்துக் கும்பிடணும்ணே! என் புதுக் கிடங்குல அழகுக்குன்னு கண்ணாடி வச்சு, காயி பூராம் வெளுத்துப்போச்சு. இதை இடிச்சிராதீங்க. அப்படியே வாடகைக்குக் குடுங்க. அந்த விசிறி ஓட்டையை மட்டும் வெரசா அடைச்சிருங்க."

வீட்டில் சொன்னேன். "எங்கப்பாவுக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள் உங்கள் மகள். ஆறிப்போகாத தோசையும் கிடைத்தது. உண்மையிலேயே உங்களுக்குத் தெரிந்திருந்ததா, மாமா?

நாளைக்கு நானே நின்று அந்தத் துவாரத்தை அடைக்கிறேன். நான் இருக்கும்வரை அங்கே ஒரு ஜன்னலும் திறக்காது. எனக்கு வெளிச்சம் வேண்டுமென்றால் தெருவில் வந்து நின்றுகொள்கிறேன்.

உங்கள் சாவிக்கொத்தை இன்னும் இடுப்பில் வைத்திருக்கும்,
உங்கள் மூத்த மாப்பிள்ளை