எண்ணெய் குடித்த கம்ப்யூட்டர்

அன்பு மகள் ஜெபசுதாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அப்பாவும் நல்ல சுகம், மூச்சுப் பேச்சில்லாமல் கிடந்த நம் வீட்டுக் கம்ப்யூட்டரும் இப்போது பூரண சுகம். நீயும் மாப்பிள்ளையும் அந்தக் கனடாக் குளிரில் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். இதைப் போனிலேயே சொல்லலாம்தான், ஆனால் உன் அப்பா குறுக்கே வந்து தன் பக்கத்து நியாயத்தை அடுக்குவார், அதனால்தான் உட்கார்ந்து டைப் அடித்து அனுப்புகிறேன், பொறுமையாகப் படி.

இந்த வருஷக் கிறிஸ்துமஸ் நாடகத்தை எழுதித் தரச் சொல்லி சபைப் பெண்கள் சங்கத்தில் என்னைக் கேட்டார்கள் என்று சொன்னேன் அல்லவா. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எல்லார் முன்னாலும் வாசித்துக் காட்ட வேண்டும், தவறினால் வருஷா வருஷம் போடுகிற அதே பழைய நாடகம்தான் என்று செயலாளர் ரேச்சல் டீச்சர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். ஒரு மாதம் உட்கார்ந்து அடித்து முடித்து, வெள்ளிக்கிழமை காலையில் பிரிண்ட் எடுக்கலாம் என்று சுவிட்சைப் போட்டால் உள்ளே விசிறி சுற்றுகிறது, பீப் பீப் என்று கத்துகிறது, திரையில் மட்டும் ஒரே இருட்டு. நாடகம் முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது. பென் டிரைவில் ஒரு காப்பி வையுங்கள் என்று நீ படித்துப் படித்துச் சொன்னாய், நான் வைக்கவில்லை, இப்போது அதைச் சொல்லிக் காட்டாதே.

கம்ப்யூட்டர் கடை ஜோன்ஸுக்குப் போன் போட்டால் அவன் விளாத்திகுளத்தில் மச்சினன் கல்யாணத்தில் நிற்கிறான், திங்கட்கிழமைதான் வருவானாம். பேண்ட் சத்தத்துக்கு நடுவில், யக்கா, பீப் அடிச்சா ராம்ங்கிற மெமரி அட்டைதான் மக்கர் பண்ணுது, பெட்டியத் திறந்து அந்தச் சின்ன அட்டையக் கழத்தி அதோட ஓரத்துல இருக்க மஞ்சப் பல்ல ரப்பரால தேய்ச்சு, டிக்குன்னு கேக்க வரைக்கும் அமுக்கி மாட்டுங்க என்று கத்தினான். தையல் மிஷினையே கழற்றிப் பூட்டுகிறவளுக்கு இது என்ன பெரிய காரியம் என்று ஒயரைப் பிடுங்கிவிட்டு மூடியைத் திறந்தேன். திறந்ததும் என்ன வாசம் தெரியுமா, தேங்காய் எண்ணெய்! திருகாணி, விசிறி, அந்த மஞ்சள் பல் எல்லாம் பளபளவென்று இருக்கிறது. சனிக்கிழமைதோறும் உன் அப்பா கேட் கொண்டிக்கும் ஜன்னல் நாதாங்கிக்கும் சைக்கிள் செயினுக்கும் எண்ணெய் போடுவாரே, போன சனிக்கிழமை கம்ப்யூட்டருக்கும் ஒரு கை போட்டிருக்கிறார்.

நன்றாக நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று திரும்பினால், மனுஷன் கையைப் பிசைந்துகொண்டு, ஏளா, உப்பளத்துக் காத்துக்கு எல்லாம் துருப்பிடிச்சிருதுல்லா, நீ நாடகத்த முடிக்கதுக்குள்ள இது கெட்டுப் போயிரக் கூடாதுன்னுதான் லேசா தடவுனேன் என்கிறார். வந்த கோபம் போன இடம் தெரியவில்லை ஜெபா, சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டது. நான் எழுதுவதை எட்டிக்கூடப் பார்க்கமாட்டேன் என்கிறாரே என்று உள்ளூர எனக்கு ஒரு வருத்தம் இருந்தது, அது அன்றோடு போயிற்று. பிறகு அவர் டார்ச் பிடிக்க, நான் பஞ்சால் துடைத்து, ரப்பரால் தேய்த்து, இடுக்கெல்லாம் புதுப் பல் பிரஷால் தட்டி எடுத்து, டிக்கென்று மாட்டி சுவிட்சைப் போட்டேன். திரையில் வெளிச்சம் வந்ததும் இருவரும் ஸ்தோத்திரம் என்று போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுச் சீனித்தாய் என்னவோ ஏதோவென்று ஓடிவந்துவிட்டாள். ஜோன்ஸிடம் சொன்னால், சார் கம்ப்யூட்டரத் தாளிக்கப் பாத்தாவளா என்று கேட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை வாசித்தேன். கொடுங்கோலன் ஏரோது ராஜா வருகிற இடத்தில் சங்கமே சிரித்தது, முடிந்ததும் ரேச்சல் டீச்சர் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார்கள். இந்த நாடகம்தான் என்று முடிவாகிவிட்டது. ஏரோது வேஷத்துக்கு உன் அப்பாவையே போட்டுவிட்டேன், எண்ணெய் போட்டதற்கு அதுதான் தண்டனை. சபை நோட்டீஸில் இத்தனை வருஷமும் நான் தேவபிரசாதம் சார் வீட்டம்மாதான், இந்த முறை எழுதியது யார் என்று எப்படிப் போட என்று டீச்சர் கேட்டார்கள். நான் வாயைத் திறக்குமுன் உன் அப்பா முந்திக்கொண்டு, அவ பேரையே போடுங்க டீச்சர், பெரிய எழுத்துல போடுங்க என்றார்.

கர்த்தர் உங்கள் இருவரையும் கண்ணின் மணிபோல் காப்பாராக. வேளாவேளைக்குச் சாப்பிடு, கிறிஸ்துமஸுக்கு டிக்கெட் போட மறந்துவிடாதே. உன் லேப்டாப்பைப் பற்றி அப்பா விசாரித்தார், எண்ணெய்ப் புட்டியை இப்போதே ஒளித்து வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா,
நாடக ஆசிரியை கிருபாபாய்