முப்பதாவது நாள்

ராயபுரம்
18-2-1968

சேசு மரி சூசை துணை

பிரியமுள்ள அத்தானுக்கு டோரதி எழுதிக்கொண்டது.

நான் சுகம். நீங்கள் சுகமாய்ப் போய்ச் சேர்ந்தீர்களா? நீங்கள் ரயிலேறிய மூன்றாம் நாள் தங்கை ஃப்ளோரன்ஸ் கல்யாணம் நன்றாக நடந்தது. கோயில் வாசலில் பக்கத்து வீட்டு பவுனம்மாள் அக்கா, "இன்னா டோரதி, மச்சினி கல்யாணத்துக்குக்கூட நிக்காம உன் வூட்டுக்காரர் ஓடிட்டாரே, அங்க வேற ஒருத்தி கீறாளா?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு வருஷமாக ஒரு மாதம் முழுசாய் நீங்கள் இருந்ததில்லை.

நேற்று மத்தியானம் கண்ணயர்ந்தபோது ஒரு கனவு. துறைமுகச் சங்கு ஊதுகிறது. நீங்கள் லுங்கியோடு உட்கார்ந்து, குழம்பில் உப்பில்லை என்று திட்டுகிறீர்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். நிஜத்தில் தினமும் வஞ்சிரம் வறுத்துப்போட்டு உங்களை விருந்தாளியாகத்தானே வைத்திருக்கிறேன். எழுந்த பிறகும் அந்தத் திட்டு காதிலேயே இருந்தது.

உங்கள் டோரதி


குவைத்
9-3-1968

பிரியமுள்ள டோரதிக்கு,

வேறு ஒருத்தியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. எல்லாம் வருமான வரிதான். வருஷத்தில் பாதி நாளாவது நம் ஊரில் எனக்கென்று ஒரு வீடு இருந்து, நானும் முப்பது நாள் நாட்டில் தங்கிவிட்டால், இங்கே சம்பாதித்ததற்கும் அங்கே வரி கட்டவேண்டும். அதனால்தான் கிரேனில் வேலை செய்கிற நம்மாட்கள் எல்லாரும் இருபத்தொன்பதாம் நாளே பம்பாயில் கப்பலேறிவிடுகிறோம். ரயிலில் போகும் நாளும் கணக்கில் சேரும், அதுதான் பேஜார்.

ஒரு வழி உண்டு. வீட்டைக் காலி செய்துவிட்டு உன் அண்ணன் சவரிநாதன் வீட்டுக்குப் போய்விடு. எனக்கென்று வீடு இல்லையென்றால் மூன்று மாதம்கூட இருக்கலாம்.

ஸ்டானிஸ்லாஸ்


ராயபுரம்
2-4-1968

பிரியமுள்ள அத்தானுக்கு,

மூன்று மாதம் இருப்பீர்கள், சரி. எங்கே இருப்பீர்கள்? அண்ணன் வீட்டில் இருப்பது ஒரே அறை. நீங்கள் ஆண்களோடு வராந்தாவில், நான் அண்ணியோடு உள்ளே. அதற்கு நீங்கள் குவைத்திலேயே இருக்கலாம்.

சாயங்காலம் கடல்காற்று வரும்போது கொடியில் உங்கள் சட்டை அசையும். நீங்கள் உள்ளே குளித்துக்கொண்டிருப்பதாய் நினைத்துக்கொண்டு நானும் ஏதாவது பேசிக்கொண்டிருப்பேன். இந்த வீட்டை விட எனக்கு மனசில்லை.

வரியைக் கட்டிவிடுங்கள் அத்தான். தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை கேட்டிருக்கிறேன், நானும் சம்பாதிக்கிறேன். முப்பதாவது நாள் காலை நீங்கள் இங்கே தூங்கி எழவேண்டும். ஒரே ஒரு தடவை. உங்களிடம் வேறெதுவும் கேட்டதில்லை.

உங்கள் டோரதி


குவைத்
28-11-1968

பிரியமுள்ள டோரதிக்கு,

வரி விஷயத்துக்குப் பதில் சொல்லாமலே இத்தனை மாதம் ஓட்டிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. யாரும் கட்டாததை நான் மட்டும் கட்டினால் இங்கே கேலி செய்வார்கள். ஜனவரியில் வருகிறேன். திரும்புகிற டிக்கெட்டையும் வாங்கிவிட்டேன், வழக்கம்போல இருபத்தொன்பதாம் நாளுக்குத்தான். உனக்கு நைலெக்ஸ் சேலையும் சென்ட்டும் எடுத்திருக்கிறேன். வேலைக்கெல்லாம் போகாதே, எனக்குக் கௌரவக் குறைச்சல்.

ஸ்டானிஸ்லாஸ்


திருவொற்றியூர்
20-12-1968

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் சொன்னபடியே ராயபுரம் வீட்டைக் காலி செய்துவிட்டேன். உங்கள் கட்டிலும் துணிமணியும் உங்கள் தம்பி செல்வநாதனிடம் பத்திரமாய் இருக்கின்றன. நான் அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை. தீப்பெட்டிக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். பக்கத்திலேயே ஒரு சின்ன அறை, வாடகை என் சம்பளத்தில். ஒருத்தி படுக்க இடம் போதும். இனி வாடகைப் பணம் அனுப்பவேண்டாம்.

உங்கள் மேல் கோபமில்லை. காத்திருந்து அலுத்துப்போய்விட்டது. உங்கள் டிக்கெட் விஷயம் படித்த அன்று நிறைய அழுதேன், அதோடு சரி.

இந்த ஊரில் இனி உங்களுக்கென்று யாரும் வீடு வைத்திருக்கவில்லை. வரி அதிகாரி கேட்டால் நீங்கள் பொய் சொல்லவேண்டியதில்லை. எத்தனை நாள் வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போங்கள்.

டோரதி