இந்த எண்ணை யாரிடமும் சொல்ல வேண்டாம்

ஜூன் 3, செவ்வாய்

இன்றைக்கு ஒரே நாற்காலிக்கு இரண்டு பேரை வரச் சொல்லியிருக்கிறேன். பல் பிடுங்க வேண்டியவர் போனில் "ஏழு" என்றாரா, "ஏழரை" என்றாரா என்று பிடிபடவில்லை. வழக்கம்போல "சரிங்க, சரிங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஏழு மணிக்கு இரண்டு வீங்கிய கன்னங்கள் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றன. இரண்டு பேருக்கும் வாயைத் திறக்க முடியாததால் திட்டு வாங்காமல் தப்பித்தேன்.

டாக்டரம்மாவிடம் தப்பிக்க முடியவில்லை. அவருக்கு மெல்லிய குரல், அதற்கு மேல் மாஸ்க் வேறு. உதடு தெரியாவிட்டால் எனக்கு அவர் பாதி ஆள்தான். உள்ளேயிருந்து ஏதோ கேட்டார். எக்ஸ்ரே என்று நினைத்து கவரை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஏசியைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்.

"உங்க கவனம் எங்க இருக்கு? பத்து நாள்ல இது மூணாவது தடவை."

இதை மட்டும் சத்தமாகச் சொன்னார். நன்றாகக் கேட்டது.

கவனம் இல்லாதவள் என்றே நினைத்துக்கொள்ளட்டும். செவிடு என்று தெரிந்தால் ரிசப்ஷனில் எதற்கு வைத்துக்கொள்வார்? போன் எடுப்பதற்குத்தானே எனக்குச் சம்பளம்.

ஜூன் 5, வியாழன்

போன வருடம் யாருக்கும் சொல்லாமல் போய்ப் பரிசோதித்துக்கொண்ட சீட்டை இன்று மறுபடி எடுத்துப் பார்த்தேன். இரண்டு காதும் குறைவு, வலது இன்னும் குறைவு. "மெஷின் வெச்சுக்கங்க, தள்ளிப்போடாதீங்க" என்று அங்கே சொன்னார்கள். ஒரு வருடம் தள்ளிப்போட்டாயிற்று. எதற்கு? வெட்கம்தான். வேறென்ன.

வேடிக்கை என்னவென்றால் வீட்டில் எனக்குப் பாம்புச் செவி என்று பெயர். அடுத்த அறை வாசலில் நின்று யார் என்ன பேசினாலும் உதட்டைப் பார்த்துப் பதில் சொல்லிவிடுவேன். "உனக்குத் தெரியாம இந்த வீட்ல ரகசியம் பேச முடியாது" என்பார் இவர். நானும் சிரித்துக்கொள்வேன்.

மெஷினை ஆன்லைனில் பார்த்துவிட்டேன். பாதி விலை போட்டிருந்த நாலு கடைகளைத் தள்ளிவிட்டேன். ஒன்றில் கம்பெனி பெயரிலேயே ஓர் எழுத்து தப்பு. கடைசியில் தயாரிக்கிறவர்களின் சொந்தக் கடையே இருந்தது. முகவரிக்கு முன்னால் பூட்டு இருக்கிறதா, திருப்பிக் கொடுக்க முடியுமா, எல்லாம் பார்த்தேன். இந்த விஷயத்தில் நான் புலி. அக்கா ஒருமுறை ஏதோ ஒரு தளத்தில் கட்டில் ஆர்டர் செய்து, பொம்மை படுக்கிற கட்டில் வந்து சேர்ந்தது. ஒரு மாதம் அவளைக் கிழித்திருக்கிறேன்.

சிக்கல் வேறு. என் சம்பளக் கணக்குக்கு இவருடைய போன் எண்தான் கொடுத்திருக்கிறது. ஓடிபி அங்கேதான் போகும். இவரோ லிஃப்ட் மெக்கானிக். பாதி நாள் லிஃப்ட் குழிக்குள் இருப்பார், சிக்னல் கிடையாது. மேலே வருவதற்குள் எண் காலாவதி ஆகிவிடும். சிக்னல் இருந்தாலும் "இது என்ன கடை?" என்று கேட்பார். என்ன சொல்வேன்?

ஜூன் 9, திங்கள்

வங்கிக்குப் போய் எண்ணை மாற்றிவிட்டேன். இனி ஓடிபி என் போனுக்கு வரும். அங்கிருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே என்னிடம் பேசினார். நானும் கேட்ட மாதிரி தலையாட்டி ஐந்து தடவை சரி சொன்னேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஐந்தாவது சரி ஒரு விபத்துக் காப்பீடு. கால் போனால் எவ்வளவு, கை போனால் எவ்வளவு என்று அட்டவணை இருக்கிறது. காதுக்கு ஒன்றும் இல்லை. தேடிப் பார்த்தேன்.

ஜூன் 11, புதன்

மதியம், க்ளினிக் பின்னறையில், சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு வாங்கினேன். முகவரி வீட்டுக்குப் போடவில்லை, இங்கேயே. கார்டைச் சேமிக்கவா என்று கேட்டது, வேண்டாம் என்றேன். போன் அதிர்ந்தது. ஆறு இலக்கம். கீழே, இந்த எண்ணை யாரிடமும் சொல்ல வேண்டாம். யாரிடம் சொல்லப் போகிறேன்? கட்டின புருஷனிடமே சொல்லாமல் செய்துகொண்டிருக்கிறேன்.

பணம் போய்விட்டது. பதினெட்டாம் தேதிக்குள் வரும் என்று மெயில் வந்தது.

ஜூன் 18, புதன்

வரவில்லை. கூரியர்காரர் வந்தார், பஞ்சு உருண்டைப் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஜூன் 20, வெள்ளி

வரவில்லை. நடுவழியில் இருக்கிறது என்றே மூன்று நாளாகக் காட்டுகிறது. எந்த நடுவழி? ஏமாந்துவிட்டேனோ? நானா? அக்காவுக்குத் தெரிந்தால் பொம்மைக் கட்டிலை எடுத்து வந்து என் முன்னால் வைப்பாள்.

ஜூன் 23, திங்கள்

எழுதினால்தான் மனசு அடங்கும்.

மதியம் அந்தக் கடையின் உதவி எண்ணைத் தேடினேன். கடையின் பக்கத்துக்குள் போய்த் தேடியிருக்க வேண்டும். போகவில்லை. கடை பெயரோடு "உதவி எண்" என்று தேடலில் அடித்தேன், முதலில் வந்ததை அழுத்தினேன். ஊருக்கெல்லாம் சொல்லுவேனே — தேடி வருகிற எண்ணை நம்பாதே என்று.

ஒரு ஆண் எடுத்தான். கனத்த குரல். ஆனாலும் பாதி விட்டுப்போயிற்று. பார்சல் போய்விடுமோ என்ற பயத்தில், எப்படியென்றே தெரியவில்லை, என் வாயில் வந்துவிட்டது. "தம்பி, எனக்குக் காது சரியா கேக்காது."

காது மங்க ஆரம்பித்த இந்த மூன்று வருடத்தில் இதை ஒருவரிடம் சொன்னது முதல் தடவை.

அவன் என்ன சொன்னான் தெரியுமா? "பரவாயில்லம்மா. நான் நிதானமா பேசறேன். புரியலைன்னா எத்தனை தடவை வேணும்னாலும் கேளுங்க." அப்படியே பேசவும் செய்தான். ஒவ்வொரு வார்த்தையாக, தெளிவாக. நான் "என்ன?" என்றபோது அலுத்துக்கொள்ளவில்லை. வீட்டில் யாரும் என்னிடம் இப்படிப் பேசியதில்லையே என்று நினைத்தேன். நான் சொன்னால்தானே பேசுவார்கள் என்பது அப்போது தோன்றவில்லை.

பார்சல் தொலைந்துவிட்டதாம், பணத்தைத் திருப்பி அனுப்புகிறானாம். கார்டு எண்ணைக் கேட்டான். சொன்னேன். பின்னால் இருக்கிற மூன்று இலக்கம். அதையும் சொன்னேன். போன் அதிர்ந்தது. ஆறு இலக்கம், கீழே அதே வரி. படித்தேன். படித்துவிட்டுத்தான் சொன்னேன். "கடைசி எண் ஏழாம்மா, எட்டாம்மா?" என்று பொறுமையாகக் கேட்டான். எட்டு என்றேன். "சரியா வரல, இன்னொண்ணு அனுப்பறேன்மா" என்றான். அதையும் சொன்னேன்.

வைத்த பிறகு பார்த்தால் இரண்டு தடவை பணம் எடுத்ததாகச் செய்தி. மூன்றாவது ஓடிபி வந்து நிற்கிறது. அவனே மறுபடி கூப்பிடுகிறான். ஐயோ. என்ன பண்ணிட்டேன் நான். ஆறு வருஷமா ரெண்டு பேரும் சேத்த காசு.

அவன் அழைப்பை வெட்டிவிட்டு வங்கி எண்ணைக் கார்டின் பின்பக்கத்திலிருந்து பார்த்து அடித்தேன். ஒரு இயந்திரப் பெண் குரல். ஒன்றை அழுத்து என்கிறதா, நாலை அழுத்து என்கிறதா? இரண்டு முறை தப்பாக அழுத்தினேன். இரண்டு முறையும் கடன் வேண்டுமா என்கிற மாதிரி ஏதோ பாட்டுப் போட்டது. இவருக்கு அடித்தேன். லிஃப்ட் குழிக்குள் இருந்தார் போல, போகவில்லை. நிமிடம் ஓடுகிறது.

எழுந்து டாக்டரம்மாவின் அறைக்குள் போய்விட்டேன். நாற்காலியில் ஒருவர் வாயைத் திறந்தபடி படுத்திருந்தார்.

"டாக்டர், எனக்குக் காது சரியா கேக்காது. என் கணக்குல திருடறாங்க. பேங்குக்கு நீங்க பேசணும்."

டாக்டரம்மா ஒரு நொடி என்னைப் பார்த்தார். கையுறையைக் கழற்றினார். மாஸ்க்கை இறக்கினார். என் போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டார். கணக்குக்காரர்தான் பேச வேண்டும் என்று அந்தப் பக்கம் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் கேட்கிற ஒவ்வொரு கேள்வியையும் என் முகத்துக்கு நேராகத் திருப்பிச் சொன்னார். பிறந்த தேதி. அம்மா பெயர். கடைசியாக எப்போது எண்ணை மாற்றினீர்கள். நான் பதில் சொன்னேன். கார்டை முடக்கினார்கள். புகார் எண் ஒன்றை அவரே மருந்துச் சீட்டின் பின்னால் எழுதிக் கொடுத்தார். நாற்காலியில் இருந்தவர் வாயை மூடவே இல்லை, பாவம்.

பாதிக்குக் கொஞ்சம் குறைவாகப் போயிருக்கிறது. மீதி தப்பித்தது.

"எவ்வளவு நாளா?" என்று கேட்டார் டாக்டரம்மா. பணத்தைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்தேன். காதைத் தொட்டுக் காட்டினார்.

"மூணு வருஷமா."

"நாளைக்குப் பேசலாம்" என்றார். இப்போது அந்த நாளை வேறு வரப்போகிறது.

ஜூன் 24, செவ்வாய்

நேற்றே இவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முதலில் "எவ்வளவு போச்சு?" என்றார். சொன்னேன். தலையில் கையை வைத்துக்கொண்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. போலீஸில் எழுதிக் கொடுக்கலாம் என்றார். நடந்ததை ஒரு தாளில் வரிசையாக எழுதச் சொன்னார். எழுதி நீட்டினேன். பாதி படித்ததும் நிறுத்திவிட்டார்.

"அந்தத் திருடன்கிட்ட சொல்லியிருக்கே. டாக்டர்கிட்ட சொல்லியிருக்கே. நான் மூணாவது ஆளா?"

அவனுக்குத் தெரிந்தால் எனக்கு என்ன, நீங்கள் பார்க்கிற பார்வை மாறிவிடுமே என்று சொல்லியிருக்கலாம். இப்போது எழுத வருகிறது, அப்போது வரவில்லை. அவர் தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனார்.

காலையில் டாக்டரம்மா கூப்பிட்டார். "மூணு மாசமா உங்களை மறதின்னு நினைச்சு வேற ஆள் பாத்துக்கிட்டிருந்தேன்" என்றார். "இனிமே டைம் எல்லாம் மெசேஜ்ல அனுப்பச் சொல்லுங்க. ஒரு மாசம் பார்ப்போம்." சரி என்றேன். என்ன சொன்னார் என்று கேட்டுவிட்டுச் சொன்ன சரி.

ஜூன் 26, வியாழன்

இவர் பேசாமல் இருக்கிறாரா, மெதுவாகப் பேசுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. உதடு அசையவில்லை. பேசாமல்தான் இருக்கிறார்.

போலீஸில் என்னைக் கேட்டார்கள்: அவன் எப்படிப் பேசினான்? மிரட்டினானா? இல்லை, நன்றாகப் பேசினான் என்றேன். பக்கத்தில் நின்ற இவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வார்த்தையை வேறு மாதிரி சொல்லியிருக்கலாம்.

ஜூன் 30, திங்கள்

பார்சல் வந்துவிட்டது. கடை நல்ல கடைதான். எங்கோ மழையில் லாரி நின்றிருந்திருக்கிறது, அவ்வளவே. ஒரு வாரம் பொறுத்திருந்தால், அல்லது அவர்களுக்கு ஒரு மெயில் தட்டியிருந்தால்... வேண்டாம், இதை எழுதி எழுதி என்ன ஆகப்போகிறது.

மாட்டிக்கொண்டேன். ஃபிரிட்ஜ் இவ்வளவு சத்தம் போடுமா? என் செருப்பு, காகிதம் புரட்டுவது, எல்லாம் காதுக்குள் வந்து விழுகிறது. மாலையில் இவர் வந்து செருப்பைக் கழற்றியபடி, என்னிடம் இல்லை, தனக்குத்தானே, "அப்பாடா" என்றார். முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னது. எனக்குக் கேட்டது. இவ்வளவு களைத்த குரலா இவருக்கு? எப்போதிலிருந்து? சமையலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன்.

ஜூலை 4, வெள்ளி

புதுக் கார்டு வாங்க வங்கிக்குப் போக வேண்டியிருந்தது. நான் கேட்கவில்லை, இவரே அரை நாள் விடுப்புப் போட்டுக்கொண்டு வந்தார். பஸ்ஸில் வேறு சீட்டில் போய் உட்கார்ந்தார்.

கவுன்டரில் இருந்த அம்மா என் புகாரைப் படித்தார், என் காதைப் பார்த்தார். அதன் பிறகு முழுக்க இவரைப் பார்த்தே பேசினார். "சார், இந்த மாதிரி ஆயிட்டா வீட்ல உங்க நம்பரையே போட்டுடறது சேஃப். மேடத்துக்கும் தொல்லை இல்ல. மாத்திடட்டுமா?"

ஒவ்வொரு சொல்லும் கேட்டது. நானே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் இவர் என்ன சொல்லப்போகிறார் என்று கேட்க வேண்டும்போல் இருந்தது. நியாயமாகப் பார்த்தால் மாற்றுங்கள் என்று சொல்ல இவருக்கு எல்லா உரிமையும் இருக்கிறது. போனது இரண்டு பேரும் சேர்ந்து சேர்த்த பணம்.

"கணக்கு அவங்களோடது" என்றார் இவர். "அவங்களப் பாத்துக் கேளுங்க."

இருபத்திரண்டு வருடத்தில் இவர் என்னை அவங்க என்று சொல்லிக் கேட்டதில்லை.

அந்த அம்மா என் பக்கம் திரும்பி, வங்கியே அதிரும்படி கேட்டார். "இவ்வளவு சத்தம் வேணாங்க, முகத்தப் பாத்துச் சொன்னாப் போதும்" என்றேன். படிவத்தில் என் எண்ணையே எழுதினேன். குறிப்பு என்று ஒரு கட்டம் இருந்தது. காது கேட்கும் திறன் குறைவு, எழுத்தில் தெரிவிக்கவும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இவர் எட்டிப் பார்த்துப் படித்தார்.

பஸ் நிறுத்தத்தில் இவர் எனக்கு இடது பக்கமாக, கொஞ்சம் நன்றாகக் கேட்கிற காதின் பக்கம் வந்து உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரியாதது வேற ஏதாவது இருக்கா?"

"இருக்கு" என்றேன்.

எங்கள் பக்கம் போகிற பஸ்கள் மூன்றை விட்டுவிட்டோம்.