துவைத்த ஸ்வெட்டர்

ஆமாம், துவைத்துவிட்டார். உன் அம்மாதான். ஊறவைத்து, சோப்புப் போட்டு, வெயில் எட்டிப்பார்த்த ஒரு நாளில் காயவைத்து, மடித்து, அந்துருண்டையோடு அலமாரியில் வைத்துவிட்டார். நான் போனில் கேட்டபிறகு காந்தலிலிருந்து குன்னூருக்குப் பஸ் ஏறி வந்து, துணிப்பையில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

உன் நீல ஸ்வெட்டர். இப்போது என் மேசைமேல் இருக்கிறது. சோப்பு வாசனை. அந்துருண்டை. முகத்தைப் புதைத்தும் பார்த்துவிட்டேன். வேறு ஒன்றும் இல்லை.

முந்தாநாள் அதை லட்டுவின் மெத்தையில் வைத்தேன். கண் தெரியாத நாயல்லவா, தலையைத் தாழ்த்தி மூக்கால் தேடியது. கழுத்துப்பட்டி, கை, பாக்கெட்டின் உள்பக்கம். பிறகு அதைத் தாண்டி நடந்துபோய்ச் சுவரோரம் படுத்துக்கொண்டது. சாப்பாட்டுக் கிண்ணத்தின் பக்கம் வரவில்லை.

அம்மாமேல் எனக்குக் கோபம் வந்தது உண்மை. நீண்ட நேரம் இருக்கவில்லை. அடக்கம் முடிந்து உன் பொருட்களை எடுத்துப்போக இங்கே வந்தவர், மகளின் ஸ்வெட்டர் தரையில், மண்ணும் முடியுமாக, ஒரு நாயின் வயிற்றுக்கடியில் கிடப்பதைப் பார்த்தார். தையல் டீச்சராக இருந்தவர். வேறு என்ன செய்வார்?

நம் நாய்க் காப்பகத்தின் விதி அவருக்குத் தெரியாது. தெரிந்த பலருக்கே அது புரியவில்லையே.

நாயை விடும்போது உங்கள் துணி ஒன்றும் வேண்டும், உடுத்தியது, துவைக்காதது என்று முதல் நாளே சொல்லுவாய். இங்கே யார் நாயை வீட்டில் கட்டிவைத்துவிட்டு நிம்மதியாக வேலைக்குப் போகிறார்கள்? வாசலில் கட்டியிருந்ததைச் சிறுத்தை தூக்கிப்போன கதை எல்லாத் தெருவிலும் உண்டு. அதனால்தான் டீச்சர்களும் எஸ்டேட் ஆபீஸ்காரர்களும் நம்மிடம் வந்தார்கள். ஆட்டோக்காரர்கள் நம் இடத்துக்கு 'நாய் பால்வாடி' என்று பெயர் வைத்தார்கள். வந்தவர்கள் கட்டணத்துக்குத் தயங்கவில்லை, அழுக்குத் துணிக்குத்தான் தயங்கினார்கள்.

அருவங்காட்டில் தொழிற்சாலை வேலை பார்த்த ஒருவர் தன் லாப்ரடாரோடு ஒரு சட்டை கொண்டுவந்தார். நினைவிருக்கிறதா? கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, மடிப்புக் கலையாமல் ஒரு கவரில்.

"ஏனுங்க, இது கல்யாணத்துக்குப் போடற சட்டையாட்ட இருக்குதுங்க," என்றாய்.

"அழுக்குத் துணிய எப்படிங்க மேடம் வெளியாளுக்குக் குடுக்கறது? மானம் போயிருமுங்க."

"மானத்த ஊட்லயே வச்சிருங்கண்ணா. அழுக்க மட்டும் கொண்டாங்க."

மறுநாள் கொண்டுவந்தார், செய்தித்தாளில் சுற்றி, யாரும் பார்க்காதபடி. அவர் நாய் அதன்மேல் படுத்துச் சாயங்காலம் வரை ஊளையிடாமல் தூங்கியது.

அழைத்தால் ஓடிவருவது, தெருவில் காட்டெருமை நின்றால் குரைக்காமல் பின்வாங்குவது, கிளினிக் மேசையில் நடுங்காமல் நிற்பது, எல்லாம் நீ சொல்லிக்கொடுத்தாய். ஆனால் எதற்கும் முன்னால் இந்தத் துணி. "ஆளு இருக்குதுன்னு தெரிஞ்சாத்தான் பாடம் ஏறும்" என்பாய்.

லட்டுவுக்கு மட்டும் இது தேவைப்படவில்லை. நீயே இருந்தாய்.

பஸ் ஸ்டாண்டில் கிடைத்த குட்டி. உருண்டையாக இருந்தது, லட்டு என்று வைத்தாய். சர்க்கரை நோய் என்று தெரிந்த அன்று டாக்டரம்மா அட்டையில் பெயரைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "மொதல்ல பேர மாத்துங்கம்மா." நீ மாற்றவில்லை. சாப்பாட்டை மாற்றினாய். காலையும் மாலையும் சாப்பிட்டவுடன் ஊசி. அதற்குள் இரண்டு கண்ணிலும் பால் படர்ந்துவிட்டது. நாய்களுக்குச் சர்க்கரை வந்தால் கண் சீக்கிரம் போய்விடும் என்றார் டாக்டர். நீ வீட்டுச் சாமான்களை இடம் மாற்றக் கூடாது என்று எனக்குக் கட்டளை போட்டாய். இன்றும் அந்த நாற்காலி அங்கேயேதான் இருக்கிறது. போக வர என் முழங்காலில் இடிக்கிறது.

பிறகு உன் இரத்தத்தில் ஏதோ சரியில்லை என்றார்கள். பிறகு அதற்கு ஒரு பெயர் சொன்னார்கள்.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் ஒவ்வொரு முறையும் அன்றுவரை போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றி லட்டுவின் மெத்தையில் போட்டாய். குளிருமே என்றேன். "கோயம்புத்தூர்ல யாருடி ஸ்வெட்டர் போடறா?" திரும்பி வந்ததும் அதையே எடுத்துப் போட்டுக்கொள்வாய், நாய் முடியோடு. கடைசியாகப் போனபோதும் அப்படியே.

நீ வரவில்லை. ஸ்வெட்டர் இருந்தது. லட்டு அதில் படுத்தது, எழுந்தது, சாப்பிட்டது, ஊசிக்குக் கழுத்தைக் காட்டியது. கேட் திறக்கும்போதெல்லாம் காதை நிமிர்த்தியது. அவ்வளவுதான்.

ஸ்வெட்டர் போனபிறகு முதலில் பாதி சாப்பிட்டது. பிறகு முகர்ந்துவிட்டு விட்டது. பிறகு முகரவும் இல்லை.

டாக்டரம்மா போனில் எதையும் மறைக்கவில்லை. "வயித்துல ஒண்ணும் இல்லாம முழு ஊசி போட்றாதீங்க, சர்க்கரை எறங்கிரும். போடாமயே உட்டாலும் நாலு நாள் தாங்காது. நாளைக்குக் காலைலயும் திங்கலைன்னா தூக்கிட்டு வந்துருங்க, டிரிப்ஸ் போட்டுப் பாக்கலாம். வயசானது பாருங்க. மனசத் தேத்திக்கங்க."

அது நேற்று. மனதைத் தேற்றுவது எனக்குப் புதிய வேலையில்லை. ஆனால் இதையும் உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்து, இந்த ஸ்வெட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத வரவில்லை.

இன்று காலை மூடுபனியில் கேட் சத்தம் கேட்டது. உன் அம்மா. முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார். கையில் டிபன் கேரியர்.

"நேத்துப் போன்ல சொன்னயே. உப்புப் போடாம கோழி வேகவச்சுக் கொண்டாந்தேன்."

"ஏம்மா இவ்வளவு தூரம்..."

"தூரமென்ன தூரம்." செருப்பைக் கழற்றினார். நாய்கள் இருக்கும் அறைக்குள் அவர் வந்தது அதுதான் முதல்முறை. அன்று உன் பொருட்களை எடுக்க வந்தபோதும் வாசலில் நின்று கையைக் காட்டி எடுக்கச் சொன்னவர். சுவரோரம் லட்டுவைப் பார்த்தார். 

"எம்புள்ளயும் ஆஸ்பத்திரில இப்படித்தான் சொவத்தப் பாத்துப் படுத்துக்குவா," என்றார். "ஒரு வாய் கஞ்சி வாங்கிக்கிட மாட்டா. கடைசி வாரமெல்லாம் ஒண்ணும் எறங்கல அம்மிணி. நானும் டம்ளர வச்சுக்கிட்டு நின்னுட்டே இருந்தேன்."

இதை எனக்கு நீயும் சொல்லவில்லை, யாரும் சொல்லவில்லை.

ஒரு சாக்கை விரித்துக் கொடுத்தேன். சிரமப்பட்டு உட்கார்ந்தார். கோழியைப் பிய்த்துக் கிண்ணத்தில் போட்டு முன்னால் நகர்த்தினார். லட்டு அசையவில்லை. அப்போது திட்ட ஆரம்பித்தார்.

"ஏய். என்ன நெனச்சுட்டு இருக்கற? ஆளாளுக்கு வந்து உன்னையக் கெஞ்சோணுமா? மகாராணி. எந்திரிடி மேல. எந்திரிங்கறேன்."

லட்டுவின் காது நிமிர்ந்தது.

எனக்கும்தான். நான் கதவுப்பக்கம் ஊசியோடு நின்றிருந்தேன், மருந்துக் குப்பி கையில் சூடாகிக்கொண்டிருந்தது. உன் குரல் அது. 'மகாராணி' என்பதில் கடைசி எழுத்தை ஏற்றி இழுப்பது உட்பட. இத்தனை வருடம் உங்கள் இருவரையும் தனித்தனியாகக் கேட்டிருக்கிறேன், ஒன்றென்று தோன்றியதில்லை. ஒருவேளை உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டதால் இருக்கலாம். கண் போனபிறகு லட்டு உன்னை முகம் இல்லாமல்தான் கேட்டிருக்கிறது.

எழுந்தது. கால்கள் நடுங்கின. வால் ஆட ஆரம்பித்தது, மெதுவாக, பிறகு இடுப்பே ஆடும்படி. நேராக அம்மாவிடம் வந்தது. உள்ளங்கையை முகர்ந்தது. சேலை நுனி, மடி, ஜெபமாலை கிடந்த கழுத்து. அம்மா அசையாமல் இருந்தார். நாய் மூக்கு கழுத்தில் படும்போது அவர் எவ்வளவு பயந்திருப்பார் என்று எனக்குத் தெரியும்.

பிறகு வால் நின்றது.

அதை அம்மாவும் பார்த்தார்.   திட்டாத குரலில் சொன்னார்.

"நான் அவ இல்ல சாமி. அவ அம்மா. அவ வரமாட்டா."

லட்டு நின்றது.

"வரமாட்டா. நானும் நெதம் கதவத்தான் பாத்துட்டு இருக்கேன். வரமாட்டா. நீ தின்னு."

துவைக்காத துணி என்பது ஒரு வாக்குறுதி. சாயங்காலம் வருவார்கள் என்று ஒவ்வொரு நாய்க்கும் நாம் சொன்னதன் பொருள் அது. அருவங்காட்டு அண்ணன் வந்தார். டீச்சர்கள் வந்தார்கள். எல்லோர் விஷயத்திலும் அது உண்மை. இங்கே மட்டும், உன் ஸ்வெட்டரை விரித்து வைத்து, நான் அந்த நாயிடம் ஒவ்வொரு காலையும் உண்மையில்லாததைச் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன் போல. அம்மா துவைத்தார். பிறகு வந்து உட்கார்ந்து, வாயால் உண்மையைச் சொன்னார். இதில் எது இரக்கம் என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

நாய்க்குச் சொல் புரிந்தது என்று சொல்லமாட்டேன். உனக்கு அப்படிப் பேசினால் பிடிக்காது. அது நின்ற இடத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது. பெருமூச்சு விட்டது. அம்மாவின் கைவிரலில் கோழி வாசனை இருந்தது, நக்கியது. விரல் கிண்ணத்துக்குப் போனது, மூக்கும் கூடப் போனது. ஒரு துண்டு. இன்னொன்று. மெல்லும் சத்தம் கேட்டது.

அம்மா வாயைச் சேலை நுனியால் பொத்திக்கொண்டார். "திங்குது பாரு," என்றார் எனக்கு மட்டும் கேட்கும்படி. "அம்மிணி, திங்குது."

பாதிதான் சாப்பிட்டது. பாதி வயிற்றுக்குப் பாதி மருந்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். குறைத்து ஏற்றினேன். கழுத்துத் தோலைத் தூக்கிப் பிடிக்க ஆள் வேண்டும். கேட்பதற்குள் அம்மா பிடித்தார், நான் காட்டிய இடத்தில், துணியைக் கிள்ளித் தூக்குவது போல.

"வலிக்குமா?"

"பெருசா வலிக்காதுங்கம்மா."

"அவளுக்குப் போடறப்பவும் நர்சு இதையேதான் சொல்லும்." முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. ஊசி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "சாயங்காலமும் போடோணுமா?"

"ஆமாங்க. சாப்பிட்டாப் போடணும்."

"அப்ப நான் இருந்துட்டுத்தான் போறேன். ஊட்ல மட்டும் யாரு இருக்கா?"

இதை எழுதும்போது பக்கத்து அறையில் பேச்சு கேட்கிறது. கோழி என்ன விலை விற்கிறது, பஸ்ஸில் எவ்வளவு கூட்டம், மழை எப்போது விடும் என்று நாயிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். சுவருக்கு இந்தப் பக்கம் சொற்கள் தெளிவாக வருவதில்லை. குரல் மட்டும் வருகிறது. நான் எழுந்து பார்க்கவில்லை. பார்த்தால் அது அம்மா. பார்க்காதவரை அது நீ என்று ஏமாற்றிக்கொள்ளப்போவதுமில்லை. யாருடைய குரல் என்று தெரிந்துகொண்டே கேட்கிறேன். தெரிந்தும் கேட்க முடிகிறது. உன்னிடமிருந்து இப்போது என்னிடம் இருப்பது இவ்வளவுதான், இது குறைவும் இல்லை.

டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். பாதி சாப்பிட்டது, பாதி போட்டேன், இன்றைக்குத் தூக்கிக்கொண்டு வரவில்லை என்று சொன்னேன்.