ஸ்டேடியத்தில் நம் இரண்டு நாற்காலிகள்

அண்ணே,

நேற்று வேலைக்குப் போகும் வழியில் ஷா ஆலாமில் பஸ்ஸிலிருந்து இறங்கிவிட்டேன். நம் ஸ்டேடியத்தை இடித்துவிட்டார்கள். அந்த வளைந்த கூரை இருந்த இடத்தில் வெறும் வானம்.

அப்படி ஒரு ஸ்டேடியத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கிள்ளானிலிருந்து உன் மோட்டாரின் பின்னால் உட்கார்ந்து வரும்போது, தூரத்தில் அதன் விளக்குகள் தெரிந்ததுமே உன் தோளைத் தட்டிக் காட்டுவேன். நம் அணி கோல் போட்டால் கூட்டம் குதிக்கும் அதிர்வு காலடி சிமெண்டிலிருந்து முதுகுவரை ஏறும். சிவப்பு மஞ்சள் சட்டை போட்ட அந்தப் பதினோரு பேரும் எனக்கு ராஜாக்கள்.

இடைவேளையில் நாம் தோற்றுக்கொண்டிருந்தால், "எழுந்திரி, இடம் மாறி உக்காருவோம் லா," என்பாய். ஒருமுறை இரண்டு கோல் பின்தங்கி, பிறகு மூன்று போட்டு ஜெயித்தோம். நாம் இடம் மாறியதால்தான் என்று பக்கத்திலிருந்த மலாய்க்கார அங்கிளிடம் சத்தியம் செய்தாய். அவர் சிரிக்கவில்லை. அடுத்த ஆட்டத்தில் தன் மனைவியோடு இடம் மாறி உட்கார்ந்தார்.

அம்மாவின் வீட்டைப் பற்றி நான் பேசியதையும், நாம் பேசாமலே போன நான்கு வருடங்களையும் இதில் எழுதப் போவதில்லை.

அண்ணி போன் செய்தார். வியாழக்கிழமை உனக்கு ஆபரேஷன் என்றார். என்னிடம் சொல்லக் கூடாது என்று நீ சொன்னதையும் சேர்த்தே சொன்னார்.

புதன்கிழமை ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். நான் உள்ளே வந்ததும் நீ எழுந்து நாற்காலியில் உட்கார். கட்டிலில் நான் உட்கார்ந்துகொள்கிறேன்.

உன் தங்கச்சி