சர்வேயர் போட்ட கோடு

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். நீங்களும் அண்ணியும் நலமாக இருக்க வேண்டும். எங்களைப் பற்றி அப்படி எழுதக் கை வரவில்லை. எத்தனை முறை அழைத்தாலும் நீங்கள் போனை எடுப்பதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

வீட்டு விளம்பரம் உங்களுக்கு நினைவிருக்கும். 'மூன்று படுக்கையறை, ஒன்று கீழ்த்தளத்தில். வில்லங்கம் எதுவும் இல்லை.' கிரேனிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்த உங்கள் மாப்பிள்ளைக்கு இனி மாடிப்படி ஆகாது. அந்தக் கீழறைக்காகத்தான் வீட்டையே வாங்கினோம். நான் ஆஸ்பத்திரியை விட்டு நகர முடியாததால், எனக்குப் பதிலாக நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்தீர்கள். "கண்ணை மூடிக்கிட்டு வாங்கும்மா" என்றீர்கள். அப்படியேதான் வாங்கினேன்.

போன மாதம் பக்கத்து வீட்டு டீச்சர் தயங்கித் தயங்கி வந்து நின்றார். "அந்த ரூம் பாதி எங்க இடத்துல நிக்குதும்மா" என்றார். நான் வாய்க்கு வந்தபடி பேசி அனுப்பிவிட்டேன். பிறகு மனசு கேட்காமல் சர்வேயரை வரவழைத்தோம். அவர் அளந்து, அறையின் குறுக்கே சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தார். அது கட்டிலுக்கு அடியில் போனது. உங்கள் மாப்பிள்ளை படுத்தபடியே, "தலை நம்ம வீட்டுல, காலு டீச்சர் வீட்டுல. காலுக்கு மட்டும் வாடகை குடுத்தாப் போதும்" என்று சிரித்தார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். அறை கட்ட அனுமதியும் வாங்கவில்லையாம். இடிக்கச் சொல்லி நகராட்சி நோட்டீஸ் வந்துவிட்டது.

வக்கீலம்மாவைப் பார்த்தேன். உண்மையை மறைத்து விற்றிருப்பதால் கிரயத்தையே ரத்து செய்யச் சொல்லலாமாம். இல்லையென்றால் வீட்டை வைத்துக்கொண்டு, பறிபோகும் அறைக்கு நஷ்டஈடு கேட்கலாமாம். பொய் விளம்பரம் போட்ட புரோக்கர் மேல் நுகர்வோர் நீதிமன்றத்துக்கும் போகலாமாம். "ஆனா ஒண்ணு. வாங்குறதுக்கு முன்னாடியே உங்க பக்கத்துல தெரிஞ்சிருந்துச்சுன்னு அவங்க காட்டிட்டா, கேஸ் நிக்கிறது கஷ்டம்" என்றார். யாருக்கும் தெரியாது என்று அடித்துச் சொன்னேன்.

வீட்டை விற்றவர், உங்கள் ஆபீஸ் மேலாளர்தான், வக்கீல் நோட்டீஸுக்குப் பதில் அனுப்பியிருக்கிறார். பார்க்க வந்த அண்ணனிடம் எல்லாம் சொல்லியாகிவிட்டதாம். என் அண்ணன் மேலா பழி போடுகிறான் என்று கொதித்துப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில் டீச்சரிடமே அதைச் சொல்லி அழுதேன். அவர் என்னை உட்கார வைத்தார். பிறகு சொன்னார்: "அன்னிக்கு நானும் அவர்கிட்ட சொன்னேம்மா. 'நான் பாத்துக்கறேன், தங்கச்சிகிட்ட நீங்க எதுவும் சொல்லிக்க வேணாம்'னாரு."

அண்ணா, பத்திரம் பதிந்த கையோடு உங்களுக்குப் பதவி உயர்வு வந்தது. அக்கம்பக்கத்துக்கெல்லாம் இனிப்பு கொடுத்தவள் நான். இரண்டையும் முடிச்சுப் போட எனக்கு விருப்பமில்லை. மனசு போடுகிறது.

நீதிமன்றத்தில் உங்களைக் கூப்பிடுவார்கள். 'என்னிடம் யாரும் சொல்லவில்லை' என்று நீங்கள் சொன்னால் நான் ஜெயித்துவிடலாம். ஆனால் டீச்சர் பொய்க்காரி ஆகிவிடுவார். உங்கள் மாப்பிள்ளை எழுந்து நடக்கும்வரை அறை இருக்கட்டும் என்று நகராட்சியில் போய்ப் பேசியவர் அவர். அப்படி ஒரு ஜெயம் எனக்கு வேண்டாம். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். எழுத்தில் போட்ட பொய்க்குப் புரோக்கராவது பதில் சொல்லியாக வேண்டும் என்கிறார் வக்கீலம்மா. கிடைப்பது கிடைக்கட்டும்.

இன்னொன்று. டீச்சர் சொன்னது உங்கள் மாப்பிள்ளைக்கு இதுவரை தெரியாது. பார்க்க வருகிறவர்களிடம் எல்லாம், "மச்சான் வந்தா ஒரே பேச்சுல முடிச்சிருவாரு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் அவரிடம் சொல்ல மாட்டேன். என் வாயால் உங்களைப் பற்றி அப்படிச் சொல்ல எனக்கு வராது. நீங்களே வந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள்.

வரும்போது அண்ணியையும் கூட்டி வாருங்கள். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

என்றும் உங்கள் நலம் வேண்டும்,
தங்கை